வாய்ப்புற்றுநோய்: பரம்பலும் ஆபத்துக் காரணிகளும்

(சுகாதாரமும் உடற்கல்வியும் – தொற்றா நோய்கள் – தரம் 10, 11 மாணவர்களுக்கான விளக்கக் கட்டுரை)



தொற்றா நோய்கள் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும்போது நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இதய நோய்கள் பற்றிப் பலரும் நன்றாக எழுதுகின்றனர். புற்றுநோய் என்று வந்ததும் "புகைத்தலைத் தவிர்க்க வேண்டும்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றனர். எமது நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வகை எது, அது ஏன் இங்கு மிகுதியாக உள்ளது என்பவற்றை விளங்கிக்கொண்டால் இந்தப் பகுதியை நினைவில் வைத்திருப்பது எளிது. அத்துடன், இது பரீட்சையோடு முடிந்துவிடும் பாடமும் அன்று.

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தன்னாமுனை போன்ற ஊர்களில் கலியாண வீட்டுக்குச் சென்றாலும், மரண வீட்டுக்குச் சென்றாலும் வெற்றிலைத் தட்டம் முன்னால் வரும். இரவில் தோணியில் இருந்து வலை வீசுபவர் தூக்கம் வராதிருக்க வெற்றிலை போடுவார். வயலில் கதிர் அறுப்பவர் களைப்புத் தெரியாதிருக்க வெற்றிலை போடுவார். பல் விழுந்த முதியவர்கள் பாக்கு உரலில் இடித்துப் போடுவார்கள். மரியாதைக்கும் உபசரிப்புக்கும் அடையாளமான இந்தப் பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வாய்ப்புற்றுநோய் என்றால் என்ன?

உடலிலுள்ள கலங்கள் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டே பிரிகின்றன. இந்த ஒழுங்கு கெட்டு, கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, அயலிலுள்ள இழையங்களை ஊடுருவி, நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் வேறு இடங்களுக்குப் பரவும் நிலையே புற்றுநோய் எனப்படும். உதடு, கன்னத்தின் உட்புறம், முரசு, நாக்கு, நாக்கின் அடிப்புறம், அண்ணம் ஆகிய இடங்களில் ஏற்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் ஆகும்.

வாயின் உட்புறம் சீதமென்சவ்வினால் மூடப்பட்டுள்ளது. இதன் மேற்பரப்பில் உள்ளது செதின் மேலணியாகும். வாய்ப்புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் இந்த மேலணிக் கலங்களிலிருந்தே தோன்றுகின்றன. வெற்றிலைச் சாறும், புகையும், மதுசாரமும் முதலில் படுவது இதே மேலணியில்தான் என்பதைக் கவனத்திற் கொள்க.

2. நோயின் பரம்பல்

ஒரு குடித்தொகையில் நோயொன்று எவ்வாறு பரந்துள்ளது என்பதை மூன்று கேள்விகளால் ஆராய்வர். யாருக்கு ஏற்படுகின்றது? எங்கே ஏற்படுகின்றது? எக்காலத்தில் ஏற்படுகின்றது? அதாவது ஆள், இடம், காலம் என்பனவாகும்.

(அ) ஆள்

இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களில் முதலிடம் வகிப்பவை உதடு, வாய், தொண்டை சார்ந்த புற்றுநோய்களாகும். பெண்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே உரியது. எனினும் வெற்றிலை மெல்லும் பெண்களும் வாய்ப்புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். ஆண்களில் இந்நோய் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், வெற்றிலை, புகைத்தல், மதுபானம் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது ஆண்களிடையே கூடுதலாக இருப்பதாகும்.

நோயாளர்களில் பெரும்பாலானோர் 40 வயதைக் கடந்தவர்கள். இதைக் கொண்டு "இது முதியவர்களின் நோய், எமக்குக் கவலையில்லை" என்று எண்ணுவது தவறு. கலங்களில் ஏற்படும் சேதம் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே நோயாக வெளிப்படுகின்றது. 50 வயதில் காணப்படும் புற்றுநோயின் தொடக்கம் 15 அல்லது 20 வயதில் பழகிய வெற்றிலையாக இருக்கலாம்.

(ஆ) இடம்

2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 389,800 பேர் புதிதாக உதடு, வாய்க்குழிப் புற்றுநோய்க்கு ஆளாகினர். இவர்களில் ஏறத்தாழ 120,200 பேருக்கு நோய் ஏற்பட்டமைக்குப் புகையற்ற புகையிலையும் பாக்குமே காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இதனைச் சதவீதமாகக் கணிப்போம்.

120,200 ÷ 389,800 × 100 = ஏறத்தாழ 31 சதவீதம்

அதாவது மூவரில் ஒருவர் அளவில். இந்த 120,200 பேரில் மிகப் பெரும் பங்கினர் தெற்காசியாவைச் சேர்ந்தவர்கள். இலங்கையின் பங்கு ஏறத்தாழ 1,300 பேர். மனித இனம் எல்லா இடத்திலும் ஒன்றே. பழக்கங்களே இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. ஆகவே நோயின் பரம்பலும் வேறுபடுகின்றது.

வாயினுள்ளேயும் இந்த வேறுபாட்டைக் காணலாம். மேற்கு நாடுகளில் நாக்கிலும் நாக்கின் அடிப்புறத்திலும் புற்றுநோய் கூடுதலாக ஏற்படுகின்றது. எமது பகுதிகளில் கன்னத்தின் உட்புறத்திலும் கூடுதலாக ஏற்படுகின்றது. மென்ற வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பதே இதற்குக் காரணம். எந்த இடத்தில் ஒதுக்கப்படுகின்றதோ, அந்த இடத்திலேயே நோய் தோன்றுவதை வைத்தியர்கள் பல காலமாகக் கண்டுள்ளனர்.

(இ) காலம்

வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றன்று. 1966 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, இலங்கை, இந்தியா உட்பட்ட ஆசிய நாடுகளில் நடத்திய ஆய்வை உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அதிலும் வெற்றிலை மெல்லும் பழக்கமே முக்கியமாகச் சுட்டப்பட்டது.

3. ஆபத்துக் காரணிகள்

நோயொன்று ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும் எதுவும் ஆபத்துக் காரணி எனப்படும். ஆபத்துக் காரணி உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. "எங்கட அப்பப்பா தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டார், ஒன்றும் வரவில்லை" என்று கூறுவோர் உண்டு. மழையில் நனைந்து வாகனம் ஓட்டிய எல்லோரும் விபத்துக்குள்ளாவதில்லை. ஆயினும் மழை விபத்தின் வாய்ப்பைக் கூட்டுகின்றது. ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு ஆபத்தை அளக்க முடியாது. பல்லாயிரம் பேரை ஒப்பிட்டே அளக்க வேண்டும்.

(அ) பாக்கு

வெற்றிலைக் கூட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன உள்ளன. இவற்றில் எது கேடு விளைவிக்கின்றது? புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் 1985 ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. இதனால் "புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை, பாக்குப் போட்டால் பாதிப்பில்லை" என்ற எண்ணம் மக்களிடையே நிலைத்துவிட்டது.

தாய்வான் நாட்டில் வெற்றிலைக் கூட்டில் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கும் மெல்லுபவர்களிடையே வாய்ப்புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இவ்வாறான சான்றுகளை அந்நிலையம் 2003 இல் ஆராய்ந்து 2004 இல் முடிவை வெளியிட்டது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கும் தனித்தனியே மனிதரில் புற்றுநோயாக்கிகள் என்பதே அம்முடிவு. ஆகவே புகையிலையை மட்டும் நிறுத்தியவர் ஆபத்தைக் குறைத்துள்ளாரே தவிர நீக்கிவிடவில்லை.

பாக்கில் அரேக்கொலின் போன்ற காரப்போலிகள் உள்ளன. இவை உற்சாகத்தையும், தொடர்ந்து மெல்ல வேண்டும் என்ற நாட்டத்தையும் தருகின்றன. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அது பாக்கோடு சேரும்போது கலங்களின் பரம்பரைப் பொருளைச் சேதப்படுத்தும் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் கூறுகள் உருவாகின்றன. மேலும் பாக்கு, சீதமென்சவ்வின் கீழுள்ள நாரிழையத்தைத் தடிப்படையச் செய்கின்றது. வெற்றிலை என்ற இலை தனியே புற்றுநோயை உண்டாக்குவதாகக் காட்டப்படவில்லை.

எனவே விடை எழுதும்போது "வெற்றிலை புற்றுநோயை ஏற்படுத்தும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. "பாக்கும் புகையிலையும் அடங்கிய வெற்றிலைக் கூட்டை மெல்லுதல்" என எழுதுக.

(ஆ) புகையிலை

புகையிலையை மென்றாலும், சுருட்டு, பீடி, சிகரெட்டாகப் புகைத்தாலும் ஆபத்து உண்டு. புகையிலையிலுள்ள நைத்திரசமைன் சேர்வைகள் புற்றுநோயாக்கிகளாகும். நிக்கொட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்குகின்றது. பெட்டிக்கடைகளிலும் பாடசாலைகளுக்கு அண்மையிலும் இரகசியமாக விற்கப்படும் மாவா, பாபுல் போன்ற இனிப்பூட்டிய கலவைகள் சிறுவர்களை இப்பழக்கத்துக்குள் இழுக்கின்றன. இனிப்பும் வாசனையும் பாக்கின் துவர்ப்பையும் புகையிலையின் காரத்தையும் மறைத்துவிடுவதே இங்குள்ள அபாயம்.

(இ) மதுசாரம்

மதுசாரம் உடலில் அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப் பொருளாக மாறுகின்றது. இது கலங்களின் பரம்பரைப் பொருளைத் தாக்குகின்றது. அத்துடன் மதுசாரம் சீதமென்சவ்வின் ஊடாக ஏனைய புற்றுநோயாக்கிகள் உட்செல்வதையும் எளிதாக்குகின்றது. சாராயம், கசிப்பு, கள், பியர் எதுவாயினும் கேடு தருவது அதிலுள்ள மதுசாரமே.

(ஈ) குறைவான பழம், மரக்கறி

விற்றமின்களும் பீற்றா கரோட்டீனும் கலங்களைச் சேதத்திலிருந்து காக்க உதவுகின்றன. பழமும் கீரையும் குறைவாக உண்போரிடம் வாய்ப்புற்றுநோய் ஆபத்துக் கூடுதலாக உள்ளது. வறுமையும் இங்கே சேர்கின்றது. பசியை அடக்க வெற்றிலை போடும் தொழிலாளிக்குச் சத்துள்ள உணவும் கிடைப்பதில்லை. வைத்தியரை நாடுவதற்கு ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும்.

(உ) ஏனையவை

மனிதப் பப்பிலோமா வைரசு, குறிப்பாகத் தொண்டைப் பகுதிப் புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காக 2017 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் தரம் 6 மாணவிகளுக்கு ஏற்றப்படும் தடுப்பூசி இதே வைரசுக்கு எதிரானது.

4. காரணிகள் ஒன்றுசேரும்போது

சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதிற்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2010 இல் வெளியாகின. நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்று பகுதி மக்களும் அதில் அடங்கினர். அவர்களில் 11.3 சதவீதத்தினரின் வாயில் புற்றுநோயாக மாறக்கூடிய நிலைகள் காணப்பட்டன. நாள்தோறும் வெற்றிலை மெல்லுவோரிடம் இதற்கான வாய்ப்பு, மெல்லாதவர்களை விட 10 மடங்கிற்கு மேல் இருந்தது. வாரந்தோறும் அல்லது நாள்தோறும் மது அருந்துவோரிடம் அது 3 மடங்கிற்கு மேல் இருந்தது. இரண்டு பழக்கங்களும் உள்ளவர்களிடம் ஆபத்து வெறும் கூட்டலாக அன்றிப் பெருக்கலையும் மிஞ்சியதாகக் காணப்பட்டது.

இதிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். முதலாவது, ஆபத்துக் காரணிகள் சேரும்போது ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. இரண்டாவது, அவற்றுள் ஒன்றை நிறுத்தினாலும் பெரும் பயன் உண்டு.

5. புற்றுநோய்க்கு முந்திய நிலைகள்

வாய்ப்புற்றுநோய் பல வேளைகளில் முன்னறிவித்தலுடன் வருகின்றது. பின்வரும் மூன்றையும் நினைவில் வைத்திருங்கள்.

• வெண்படலம்: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு.
• செம்படலம்: வெல்வெற்றுத் துணி போன்ற சிவந்த திட்டு. இது வெண்படலத்தை விட ஆபத்தானது.
• நாரிழையத் தடிப்பு: கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகுதல். உறைப்பான உணவு பட்டால் எரியும். காலப்போக்கில் வாயை அகலத் திறக்க முடியாது போகும். பாக்கு மெல்லும் இளைஞர்களிலும் இது காணப்படும். கேரளத்தில் இந்நிலை உள்ள நோயாளர்களை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து அவதானித்தபோது 100 பேரில் 7 அல்லது 8 பேர் என்ற அளவில் புற்றுநோய் ஏற்பட்டது.

இவை தவிர, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், காரணமின்றி அசையும் பல், விழுங்குவதில் சிரமம், நாக்கை அசைப்பதில் தடை, கழுத்தில் கட்டி ஆகியனவும் கவனிக்கப்பட வேண்டிய அறிகுறிகளாகும்.

ஆரம்ப நிலையில் இவற்றில் பெரும்பாலானவை நோவைத் தருவதில்லை. நோவு இல்லாமையே இந்நோயின் மிகப் பெரிய ஆபத்து. நோவு வரும் வரை காத்திருப்பவர் காலம் கடந்தே வைத்தியரிடம் செல்கின்றார்.

6. நேரத்துடன் கண்டறிதல்

ஈரலில் அல்லது சதையியில் ஏற்படும் புற்றுநோயைக் கண்ணால் காண முடியாது. வாயைத் திறந்தால் வாய்ப்புற்றுநோயைக் காணலாம். ஒரு மின்சூளும் கண்ணாடியும் போதும். இருந்தும் பலர் முற்றிய நிலையிலேயே சிகிச்சைக்கு வருகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் பதிவுகளின்படி, வாய், தொண்டைப் புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 100 இற்கு 80 பேருக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் இது ஏறத்தாழ 40 பேராகக் குறைகின்றது. நேரத்துடன் கண்டறிந்தால் சிறிய சத்திரசிகிச்சையுடன் குணமாக்கலாம். தாமதித்தால் தாடையின் அல்லது நாக்கின் ஒரு பகுதியை அகற்றவும், கதிரியக்கச் சிகிச்சை அளிக்கவும் நேரிடும். பேச்சும் உணவு உண்பதும் பாதிக்கப்படும்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 ஆம் ஆண்டு பெரியதோர் ஆய்வு தொடங்கப்பட்டது. பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதிற்கு மேற்பட்டோரின் வாயைப் பார்வையிட்டனர். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 34 சதவீதத்தால் குறைந்திருந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இன்றிக் கண்ணால் பார்ப்பதே உயிர்களைக் காத்தது.

இதற்கு முன்னரே இலங்கையில் இத்தகைய முயற்சி நடைபெற்றது. 1984 இல் வெளியான ஆய்வில், ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 28,000 இற்கும் மேற்பட்ட கிராம மக்களின் வாயைப் பரிசோதித்தனர். பயிற்சி பெற்ற சாதாரண பணியாளர்களால் இந்நிலைகளைக் கண்டறிய முடியும் என்பது நிரூபணமாகியது. ஆனால் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரே சென்றனர். நோயைக் கண்டறிவது பாதி வேலை. ஆளை வைத்தியரிடம் கொண்டு சேர்ப்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியில்தான் வீட்டிலுள்ள மாணவரின் பங்கு உண்டு.

7. சம்பவம் ஒன்று (கற்பனை)

தன்னாமுனையில் வசிக்கும் தரம் 11 மாணவி ஒருத்தி, தன் அம்மம்மாவின் இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருப்பதைக் காண்கின்றாள். அம்மம்மா நாற்பது ஆண்டுகளாக அந்தக் கன்னத்திலேயே வெற்றிலையை ஒதுக்கி வருபவர்.

"அம்மம்மா, பல் டொக்டரிட்டக் காட்டுவமா?"

"நோகல்லையே மனே, பிறகு என்னத்துக்கு ஆசுப்பத்திரி?"

இவ்விடத்தில் மாணவி செய்ய வேண்டியவை எவை? பயமுறுத்தக் கூடாது. "புற்றுநோய்" என்று தானே முடிவு கட்டவும் கூடாது. எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோயாவதில்லை. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்பதை இழையத்தின் சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே கூற முடியும். நோவில்லாத வேளையிலேயே காட்டுவது எளிய சிகிச்சைக்கு வழி என்பதை எடுத்துக் கூறி, உடன் செல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவில் இதற்குக் கட்டணமில்லை. தேவைப்படின் அங்கிருந்து வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். அம்மம்மா அங்கு செல்லும் வரை பின்தொடர்வதே முக்கியம்.

8. சுயபரிசோதனை

மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று செய்யலாம்.

1. வாயைக் கொப்பளிக்கவும். செயற்கைப் பல் இருப்பின் கழற்றவும்.
2. உதடுகளை மடித்து உட்புறத்தைப் பார்க்கவும்.
3. இரு கன்னங்களையும் விரலால் விலக்கிப் பார்க்கவும்.
4. நாக்கை நீட்டி மேற்புறம், இரு பக்கம், அடிப்புறம் ஆகியவற்றைப் பார்க்கவும்.
5. தலையைச் சாய்த்து அண்ணத்தைப் பார்க்கவும்.
6. கழுத்தின் இரு பக்கமும் தடவிக் கட்டி உள்ளதா என அறியவும்.

9. சட்டப் பாதுகாப்பு

புகையிலைக் கட்டுப்பாடு தொடர்பான உலக சுகாதார நிறுவனத்தின் சமவாயத்தை இலங்கை 2003 நவம்பரில் ஏற்று உறுதிப்படுத்தியது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதிற்குக் குறைந்தோருக்கு இவற்றை விற்பதைத் தடை செய்தது. 2016 செப்ரெம்பரில் வெளியான ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலை உற்பத்திகளையும், புகையிலை அடங்கிய கலவைகளையும் தடை செய்தன. சட்டம் கடையில் விற்பனையைத் தடுக்கலாம். வீட்டுத் தட்டத்திலுள்ள பாக்கை மாற்றுவது வீட்டாரின் முடிவாகும். சடங்கில் வெற்றிலையை மரியாதைக்கு வைப்பதில் எவருக்கும் நோய் வருவதில்லை. அதை மென்று ஒதுக்குவதிலேயே நோய் உள்ளது.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. வாய்ப்புற்றுநோயின் ஆபத்துக் காரணிகள் நான்கு தருக.
விடை: பாக்கும் புகையிலையும் அடங்கிய வெற்றிலைக் கூட்டை மெல்லுதல், புகைத்தல், மதுசாரம் அருந்துதல், பழம், மரக்கறி குறைந்த உணவு.

2. "புகையிலை சேர்க்காது வெற்றிலை மெல்லுதல் பாதுகாப்பானது." இக்கூற்றை மறுத்துரைக்க.
விடை: பாக்கு தனியாகவே புற்றுநோயாக்கி என 2004 இல் அறிவிக்கப்பட்டது. புகையிலை சேர்க்காத தாய்வானிலும் மெல்லுபவர்களிடையே நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

3. தெற்காசியாவில் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் மிகுதியாக ஏற்படுவது ஏன்?
விடை: வெற்றிலைக் கூட்டை நீண்ட நேரம் கன்னத்தில் ஒதுக்கி வைப்பதால் அவ்விடத்து மேலணி தொடர்ச்சியாகப் பாதிக்கப்படுகின்றது.

4. வாய்ப்புற்றுநோயை ஏனைய பல புற்றுநோய்களை விட எளிதில் நேரத்துடன் கண்டறியலாம். காரணம் தருக. அவ்வாறிருந்தும் தாமதம் ஏற்படுவது ஏன்?
விடை: வாயின் உட்புறத்தைக் கருவியின்றிக் கண்ணால் பார்க்கலாம். ஆரம்ப நிலையில் நோவு இல்லாமையாலும், அனுப்பப்பட்ட பலர் மேலதிகப் பரிசோதனைக்குச் செல்லாமையாலும் தாமதம் ஏற்படுகின்றது.

செயற்பாடு: இன்று வீடு சென்றதும் உங்கள் வீட்டில் வெற்றிலை போடுபவர் எவர், எத்தனை ஆண்டுகளாக, எந்தக் கன்னத்தில் ஒதுக்குகின்றார் என்பதை அன்போடு கேட்டு அறியுங்கள். பின்னர் ஒரு மின்சூளை எடுத்து, அனுமதி பெற்று, அந்தக் கன்னத்தைப் பாருங்கள்.